கேட் போட்டுட்டான்

கழுத்தில் தொங்கும் அட்டையில் வழிகாட்டி என்று அச்சு.
கீழே ஜெசிந்தா என்று எழுதி
மை காயுமுன் கட்டைவிரல் பட்டு
சிந்தா மட்டும் மிஞ்சியிருந்தது.
முப்பத்தொரு பேர், அதில் பாதி பெற்றோர்.
நாள் கூலி முந்நூறு, மதியம் லெமன் சாதம்.

இது நிர்வாகக் கட்டடம்.
இது கலையரங்கம், மைக் வேலை செய்யாவிட்டாலும் பேசுவார்கள்.
இது வேதியியல் துறை. பின்னால் ஒரு கிணறு,
எட்டிப் பார்க்கலாம்,
தீக்குச்சி மட்டும் கிழிக்க வேண்டாம்.
சிரித்தார்கள்.
நான் சிரிக்கவில்லை என்றதும்
மூக்கைச் சுருக்கி முகர்ந்து பார்த்தார்கள்.

நூலகச் சுவரில் இடுப்புயரத்தில் ஒரு கோடு.
மேலே பச்சை, கீழே சாம்பல்,
அழகுக்கென்றே அடித்ததுபோல் முடித்திருக்கிறார் பெயின்டர்.
வெள்ளம் மூன்று நாள் நின்ற மட்டம் அது.
அடித்தட்டில் ஊறிச் செத்தவை
புள்ளியியலும் வங்கித் தேர்வு கைடுகளும்.
கவிதைகள் பிழைத்தன.
யாரும் எடுப்பதில்லை என்று
எப்போதோ அவற்றை மேல்தட்டுக்கு ஏற்றிவிட்டார்கள்.

அடுத்து, தாளின்படி:
சுற்றுப்புறம், நாற்பது நிமிடம்.

வாசலைத் தாண்டினால் கன்டெய்னர் லாரி,
அதன் பின்னால் கன்டெய்னர் லாரி.
ஜெராக்ஸ் கடை, பக்கத்தில் அத்தோ வண்டி,
கேரம் கிளப்பில் காலையிலேயே பவுடர் வாசனை.
பாக்சிங் பயிற்சி என்ற பலகைக்குக் கீழே
ஒரு சின்னப் பெண் நிழலோடு குத்துச்சண்டை போடுகிறாள்,
நிழல்தான் பின்வாங்குகிறது.

கொருக்குப்பேட்டைக்கு வந்தபோது
கேட் போட்டுட்டான்.

எவ்வளவு நேரம் ஆகும் என்றார்
மடிப்பாக்கத்திலிருந்து மகளோடு வந்தவர்.
ஆண்டவனுக்கும் கார்டுக்கும்தான் தெரியும் சார்.
முதலாண்டு அல்ஜீப்ராவில் எனக்கு முப்பத்தெட்டு.
மீதி மதிப்பெண்கள் இன்னும்
தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் நிற்கின்றன.

டேங்கர், டேங்கர், டேங்கர்.
இரண்டு டேங்கருக்கு நடுவே ஒரு கணம்
அந்தப் பக்கத்துக் கூட்டம் தெரியும்.
அதில் ஒரு மீன்பாடி வண்டி.
அடுத்த இடைவெளியில்
வண்டி நிறைய சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி.
அடுத்ததில்
செம்பட்டை அடித்த முடி, ஒற்றைக் கடுக்கன்,
ஹேண்டில்பார்மேல் தூக்கி வைத்த கால்.

அவர் தொண்டையைச் செருமினார்.
செருமிவிட்டுத்தான் எல்லாரும் அதைக் கேட்கிறார்கள்.
ஏரியா எப்படிம்மா?
ஏழு மணிக்கு மேல பொண்ணு தனியா வந்தா...

இதற்குப் பதில் தாளில் இருக்கிறது:
வளாகமெங்கும் கேமரா பொருத்தப்பட்டுள்ளது.
டேங்கர்கள் போய்க்கொண்டே இருந்தன.
நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு.
அவர் மகள் செல்போனைப் பார்த்தபடி
அப்பா, சும்மா இருப்பா என்றாள்.

கடைசிப் பெட்டியில் கார்டு பச்சைக்கொடி சுருட்டினார்.
கேட் தூக்குமுன்பே இரண்டு பக்கமும் பாய்ந்தது.
நடுத்தண்டவாளத்தில் எங்களை மறித்து நின்ற
மீன்பாடி வண்டி கத்தியது:
ஏ ஜெசி! சேரெல்லாம் எங்க எறக்கணும்?
ஆபீஸ்ல பில்லுக்கு யாரப் பாக்கணும்?

என் தம்பி கிளமெண்ட், என்றேன்,
அவரைப் பார்த்து, அட்டையை நிமிர்த்திக்கொண்டு.
மதியக் கூட்டத்தில் நீங்க உட்காரப்போற நாற்காலி சார்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை.
வண்டியின் பின்சக்கரம் தண்டவாளப் பள்ளத்தில் சிக்கியபோது
தள்ளியவர்களில் அவர் கையும் இருந்ததாகக்
கிளமெண்ட் பிறகு சொன்னான்.
நான் பார்க்கவில்லை,
முப்பத்தொரு பேரை எண்ணிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் கருத்துப் படிவங்களை அடுக்கினேன்.
கேண்டீன் சுமார். கிணறு சூப்பர்.
ஒன்றில் மட்டும், இதர ஆலோசனைகள் என்ற இடத்தில்
சாய்வான, கணக்கெழுதிப் பழகிய கையெழுத்து:
இங்கே ஒரு மேம்பாலம் அவசியம்.
எங்கள் தெரு மனுக்களில்
நான் எழுதப் படித்த முதல் வாக்கியம் அது.

நாற்காலிகள் வண்டியில் திரும்ப ஏறின.
லெமன் சாதம் மிச்சமிருக்கா என்று கேட்டான் கிளமெண்ட்.